நான்கு ஸ்பீக்கரும் ஒரு பூஸ்டரும்

இன்னாசிராஜுக்கு இரண்டு கம்பி போதும். ஒரு ஆம்ப்ளிபயர், அதிலிருந்து கிளம்பும் இரண்டு கம்பி, அந்தக் கம்பி போகிற வழியில் எங்கே வேண்டுமானாலும் ஒரு குழாய். புளியமரத்தில் ஒன்று, மாதா கோயில் கோபுரத்தில் ஒன்று, பஞ்சாயத்துக் கிணற்றடியில் ஒன்று. குழாய் என்றால் மைக்செட் குழாய், வாய் அகன்ற அலுமினிய ஒலிபெருக்கி. பொம்மிடிப் பக்கத்து ஊர்களில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் பத்து வருடம் அவன் குழாய் கட்டியிருக்கிறான். "தெக்கால இன்னொண்ணு கட்டுப்பா" என்று யாராவது கேட்டால் இல்லை என்று சொன்னதே கிடையாது. கம்பியை உரித்து, முறுக்கி, இன்னொன்றை மாட்டிவிடுவான். ஆம்ப்ளிபயரும் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஒவ்வொரு குழாயின் முதுகிலும் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் உட்கார்ந்துகொண்டு சுமையைச் சமாளித்துவிடுகிறது என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்ததை உட்கார்ந்து யோசிக்கத்தான் அவனுக்கு நேரம் வாய்த்ததில்லை.

அந்தப் பழக்கத்தோடுதான் 1986-ல் தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை பிடித்தான். மைக்செட்டை நம்பினால் திருவிழா மாதத்தில் மட்டும்தான் சோறு. காருக்கு டேப் செட் கட்டுவது அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. பெங்களூர் போய்வந்த டிரைவர்கள் அங்கே கேட்ட சத்தத்தைத் தங்கள் வண்டியிலும் கேட்டே தீருவோம் என்று அடம்பிடித்தார்கள். பாட்டு கேட்டால் மட்டும் போதாது, டம்மென்று நெஞ்சில் இடிக்க வேண்டும். அதற்கு டேப்பின் சொந்தத் தெம்பு பற்றாது. நடுவில் பூஸ்டர் என்று ஒரு பெட்டி வைக்க வேண்டும். டேப்பிலிருந்து வரும் சின்னச் சத்தத்தை வாங்கி, கார் பேட்டரியிலிருந்து கரண்டை இழுத்து, பெரிய ஸ்பீக்கரை உதைத்து எழுப்புகிற வேலை அதனுடையது. பூஸ்டரை இன்னாசிராஜ் தானே செய்தான். பெங்களூரில் டிரான்சிஸ்டர் வாங்கிவந்து, அலுமினியத் தகட்டில் பதித்து, தகர டப்பாவில் அடைப்பான். நன்றாகவே செய்தான். அவன் கை சுத்தம். புத்திதான் இன்னும் புளியமரத்திலேயே இருந்தது.

அவன் மாமனார் அருள்நாதனுக்கு அந்தக் கையும் பிடிக்காது, அந்தப் புத்தியும் பிடிக்காது. ஓமலூர்க்காரர். மின்சார வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பம், கம்பி, ஃபியூஸ் என்று முப்பது வருடம் அரசாங்கக் கரண்டோடு புழங்கியவருக்கு, தன் மகள் புஷ்பமேரியைக் கட்டிக்கொண்டவன் மரத்துக்கு மரம் ஏறுகிறவன் என்பது பெரிய குறை. "கொழாய் கட்றவன்" என்றுதான் மருமகனைச் சொல்வார், அவன் காதுபடவே.

முதல் பிரசவத்துக்கு மகளை அவர்தான் அழைத்துப் போனார். பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் மாதம் அனுப்பியிருக்க வேண்டும். பிள்ளைக்குச் சளி என்றார். பிறகு மகளுக்கு உடம்பு தேறவில்லை என்றார். பிறகு, தர்மபுரித் தண்ணீரைக் குடித்தால் பிள்ளைக்கு முளைக்கிற பல்லெல்லாம் மஞ்சளாகத்தான் முளைக்கும் என்றார். ஐந்து மாதம் ஓடிவிட்டது. இன்னாசிராஜ் இரண்டு தடவை ஓமலூர் போய்ப் பிள்ளையைப் பார்த்து, காபி குடித்து, வந்த காரியத்தைச் சொல்லாமலே திரும்பினான். பெண்டாட்டியை அனுப்புங்கள் என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்தால் வெறும் சுவர். புஷ்பமேரி இல்லாத வீட்டில் டிரான்ஸ்பார்மருக்குக் கம்பி சுற்றுகிற சின்ன மிஷின் மூலையில் தூசி படிந்து கிடந்தது. மூன்று வருடமாக அதைச் சுற்றியவள் அவள்தான்.

கடைசியில் ஒரு தபால் கார்டு வந்தது. வருகிற வியாழக்கிழமை வந்து அழைத்துக்கொள்ளலாம் என்று இரண்டே வரி. இன்னாசிராஜ் அதை நாலு தடவை படித்தான்.

அவர்கள் சாதிசனத்தில் ஒரு வழக்கம். பிள்ளை பெற்றவளை அழைத்துவரப் புருஷன் போகக் கூடாது. அவன் வீட்டுப் பெண் ஒருத்தி போய் முறையாகக் கேட்டு அழைத்துவர வேண்டும். பெண்ணைப் பெற்றவர் கூடவே வந்து விட்டுவிட்டுப் போக வேண்டும். புருஷன் தன் வீட்டு வாசலில் நின்று பிள்ளையைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். இன்னாசிராஜுடைய அக்கா ராஜமேரி போவதென்று முடிவானது.

"பஸ்ஸுலயே போயிட்டு வந்துடறேன்டா" என்றாள் ராஜமேரி.

"பஸ்ஸுல வேணாங்கா. செட்டு கட்டுன கார்ல போ. அந்த மனுசன் வூட்டு வாசல்ல நிறுத்திப் பாட்டு போடணும்" என்றான் இன்னாசிராஜ்.

கார் காளியப்பனுடையது. வெள்ளை அம்பாசடர். காளியப்பன் நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு வாடகைக்குக் கார் ஓட்டுகிறவன். பெண்டாட்டியிடம் பேசுவதைவிட வண்டியிடம் அதிகம் பேசுவான். செட்டு கட்டிக்கொடு என்று ஒரு மாதமாக இன்னாசிராஜைக் குடைந்துகொண்டிருந்தான். புதன்கிழமை கட்டித் தருகிறேன், வியாழக்கிழமை நீ ஓமலூருக்கு ஒரு நடை போய்வா என்று பேச்சு முடிந்தது. இரண்டு பேருக்கும் அதில் பரம திருப்தி.

புதன்கிழமை முழுக்க வேலை. முன் கதவு இரண்டிலும் ஒவ்வொரு ஸ்பீக்கர். டிக்கியில் பிளைவுட் பெட்டி அடித்து, அதில் இரண்டு பெரிய ஊஃபர். அடித்தொண்டைச் சத்தத்துக்கு அதுதான். அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே பூஸ்டர். பூஸ்டரிலிருந்து இரண்டு கம்பி. அந்த இரண்டு கம்பியில் நான்கு ஸ்பீக்கரையும் வரிசையாகத் தொங்கவிட்டான், குழாய் கட்டுகிற மாதிரியே. போட்டதும் சத்தம் வந்ததே பார்க்க வேண்டும். பக்கத்து டீக்கடையில் கண்ணாடித் தம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. காளியப்பன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

பத்து நிமிடத்தில் ஃபியூஸ் போயிற்று. வேறு போட்டான். அதுவும் போயிற்று. கடையில் இருந்த ஃபியூஸ் அவ்வளவுதான். மைக்செட்காரனுக்கு ஃபியூஸ் என்பது திருவிழா நடுவில் காலை வாரிவிடுகிற ஒரு சனியன், வேறொன்றுமில்லை. சாமி தேர் பாதித் தெருவில் நிற்கும்போது கடைக்கா ஓட முடியும்? சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளைக் கிழித்து, செத்துப்போன ஃபியூஸின் மேல் நாலு சுற்றுச் சுற்றிச் செருகிவிடுவார்கள். இன்னாசிராஜும் அதையே செய்தான். அப்புறம் கால்மணி நேரம் போட்டுப் பார்த்தான், பாட்டு நிற்கவே இல்லை.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ராஜமேரியை ஏற்றிக்கொண்டு கார் கிளம்பிற்று. முதல் பாட்டு மாமனார் வாசலில்தான், அதுவரை செட்டைத் தொடாதே என்று காளியப்பனிடம் சொல்லி அனுப்பினான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணிக்கு ஓமலூரில் புறப்படுவதாகப் பேச்சு. இன்னாசிராஜ் வீட்டைக் கூட்டினான், பால் வாங்கிவைத்தான், சட்டையை மாற்றினான். மணி பன்னிரண்டுதான் ஆகியிருந்தது. சும்மா இருக்க முடியாமல் கடைக்குப் போனான்.

கடையில் கம்பைநல்லூர்ப் பெரியண்ணன் என்பவருடைய வேனுக்காகச் செய்துவைத்த இன்னொரு பூஸ்டர் இருந்தது. காளியப்பன் வண்டியில் போட்டதற்கு அச்சு அசல் ஜோடி. அதற்கும் நான்கு ஸ்பீக்கர். மேசைமேல் பேட்டரியை வைத்து, நேற்றுப் போலவே இரண்டு கம்பியில் நான்கையும் மாட்டி, ஃபியூஸுக்கு வெள்ளித்தாளைச் சுற்றி, ஒன்றரை மணி வாக்கில் ஒரு கேசட்டைப் போட்டுவிட்டு, அரைமணி நேரம் ஓடட்டும் என்று டீக்கடைப் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். அவன் கண் ரோட்டில்தான் இருந்தது. எந்த வெள்ளைக் கார் வந்தாலும் நிமிர்ந்து பார்த்தான். இன்னும் கிளம்பியே இருக்க மாட்டார்கள் என்று தெரிந்தும் பார்த்தான்.

கடைக்குள்ளிருந்து வந்த பாட்டு திடீரென்று கரகரத்து நின்றது. பிறகு வாடை வந்தது.

அவன் ஓடிப்போய்ப் பார்த்தபோது பூஸ்டர் டப்பாவின் மூடி ஊதா நிறத்துக்கு மாறியிருந்தது. கம்பிகளின் மேலுறை உருகி மேசையில் ஒழுகியிருந்தது. ஒரு கம்பி சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. அதற்கடியில் மேசைப் பலகை கருகி, ஓரத்தில் சின்னதாக ஒரு நெருப்பு நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது. பேட்டரிக் கம்பியைப் பிடுங்கி எறிந்தான். சாக்கை நனைத்துப் போட்டு அமுக்கினான். கை சுட்டது தெரியவில்லை.

நெருப்பு அணைந்ததும் மீட்டரை எடுத்தான். அந்த இரண்டு கம்பியை அப்போதுதான் முதல்முதலாக அளந்தான். முள் ஒன்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஒரு ஓம்.

ஒரு ஸ்பீக்கர் நாலு ஓம். அது கரண்டுக்குக் காட்டுகிற எதிர்ப்பு. பூஸ்டரை அவன் கட்டியதும் நாலு ஓமுக்குத்தான். நான்கு ஸ்பீக்கரை ஒரே ஜோடிக் கம்பியில் பக்கம் பக்கமாகத் தொங்கவிட்டால் எதிர்ப்பு அதிகமாகாது, குறையும், நாலில் ஒரு பங்காகும். குழாய்க்கு இருக்கிற டிரான்ஸ்பார்மர் இந்த ஸ்பீக்கருக்குக் கிடையாது. தடுப்பார் இல்லாத பூஸ்டர் தன் சக்திக்கு மீறிய கரண்டை அள்ளி அள்ளிக் கொட்டும். சத்தம் அற்புதமாக இருக்கும். கொஞ்ச நேரத்துக்கு. ஃபியூஸ் இரண்டு தடவை செத்து அதைத்தான் சொல்லிற்று. அவன் அதன் வாயில் வெள்ளித்தாளை அடைத்துவிட்டான்.

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு பத்து. காளியப்பனுடைய டிக்கி அவன் கண்ணுக்கு முன்னால் வந்தது. பிளைவுட் பெட்டி. அதன் பக்கத்தில் பூஸ்டர். தகரத்துக்கு அடியில் பெட்ரோல் டாங்க். பிள்ளைக்குத் தாய்வீட்டுச் சீராக வரும் பஞ்சு மெத்தையும் துணி மூட்டையும் அந்த டிக்கியில்தான் அடைத்து வரும். டிக்கிக்கு முன்னால் பின் சீட்டு. பின் சீட்டில் புஷ்பமேரி, அவள் மடியில் பிள்ளை. நானே கட்டினேனே, என் கையாலேயே கட்டி அனுப்பினேனே என்று முனகிக்கொண்டே ரோட்டுக்கு ஓடினான். கடைக் கதவைப் பூட்டக்கூட நிற்கவில்லை.

சேலம் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. தொற்றி ஏறினான். உட்காரவில்லை. டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எதிரே வருகிற வண்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எங்க போவணும்?" என்றார் கண்டக்டர்.

"எதிர்க்க ஒரு வெள்ளக் கார் வரும்ங்க. அத நிறுத்தணும்."

"காருக்கெல்லாம் டிக்கெட்டு இல்ல. ஊரு சொல்லுங்க."

"தொப்பூருங்க" என்றான். ஏன் தொப்பூர் என்றான் என்று அவனுக்கே தெரியாது. அதற்குள் கார் வந்துவிட வேண்டும் என்கிற கணக்கு. ஆனால் கார் வரவில்லை. பாதி வழி போனதும் எதிர்ப்புறத்தில் எந்த வண்டியுமே வரவில்லை. அது அவன் பயத்தை இன்னும் கூட்டியது. தொப்பூர் தாண்டி, கணவாய் இறங்குகிற இடத்தில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் லாரி லாரியாக நின்றது. கீழே ஏதோ வண்டி கவிழ்ந்து ரோடு அடைபட்டிருக்கிறதாம். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு வெற்றிலையை எடுத்தார்.

"என்னா வண்டிங்க கவுந்தது?" என்று இன்னாசிராஜ் கேட்டான். யாருக்கும் தெரியவில்லை. காராயிருக்கும் என்றார் ஒருவர். இல்லை, எதுவோ தீப்பிடித்ததாகப் பேசிக்கொள்கிறார்கள் என்றார் இன்னொருவர், எதையும் பார்க்காமலே.

அவன் குதித்து ஓடினான். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் வரிசையாக நிற்கிற லாரிகள். வளைவுக்குக் கீழேயிருந்து கறுப்பாகப் புகை எழுந்தது. அதைப் பார்த்ததும் ஜெபம் சொல்ல வாயெடுத்தான். பாதிக்கு மேல் வரவில்லை. மாதாவே, மாதாவே என்று மட்டும் வந்தது. வளைவைத் திரும்பினான்.

லாரி கிளீனர்கள் இரண்டு பேர் மூன்று கல்லை வைத்து, பழைய டயர்த் துண்டைக் கொளுத்தி, சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி ஒரு லாரி ஒருச்சாய்ந்து கிடந்தது. ரோடு முழுக்க முட்டைக்கோஸ். போலீஸ்காரர் ஒருவர் தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, முட்டைக்கோஸ் பொறுக்குகிறவர்களில் யாரை முதலில் விரட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார். யாருக்கும் சின்னக் காயம்கூட இல்லை. இன்னாசிராஜ் ரோட்டோரத்துக் கல்லில் கையை ஊன்றி ஒரு நிமிடம் நின்றான். பிறகு மறுபக்கத்து வரிசையில் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டே இறங்கினான்.

எட்டாவதோ ஒன்பதாவதோ வண்டி அது. வெள்ளை அம்பாசடர். பானெட் திறந்திருந்தது. மேடேறிச் சூடான ரேடியேட்டருக்குக் காளியப்பன் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். ஆவி வந்தது முன்னாலிருந்துதான், பின்னாலிருந்து இல்லை. பாட்டுச் சத்தம் இல்லை. பின் சீட்டில் புஷ்பமேரி பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள்.

இன்னாசிராஜ் பின்கதவைத் திறந்தான். "மொதல்ல எறங்கு புஷ்பா" என்றான்.

அவள் ஏன் என்று கேட்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி, பத்தடி தள்ளியிருந்த வேலமரத்து நிழலுக்குப் போய்விட்டாள். அவன் டிக்கியைத் திறந்தான். நினைத்தபடியேதான் இருந்தது. பூஸ்டரின் தலைமேல் பஞ்சு மெத்தை. அதைத் தூக்கினான். அடிப்புறத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் துணி பழுப்பாகத் தீய்ந்திருந்தது. பூஸ்டரைத் தொட்டான். ஆறிப்போய்க் கிடந்தது. பேட்டரிக் கம்பியைக் கழற்றி எடுத்தான்.

"ஏன்டா, வாசல்ல நிக்க வேண்டியவன் இங்க எதுக்கு வந்த?" என்று ராஜமேரி அவன் பின்னாலேயே வந்தாள்.

"ஒரு ஒயரு லூசா இருந்த மாதிரி தோணுச்சுக்கா."

"ஒரு ஒயருக்கா இவ்ளோ தூரம்?"

முன் சீட்டிலிருந்து அருள்நாதன் இறங்கி வந்தார். கையில் மூக்குப்பொடி டப்பா. அந்தப் பொடியால் அவருடைய மூக்கு செத்துப் பல வருடமாகிறது. பக்கத்தில் பிணம் எரிந்தாலும் வாடை தெரியாது. அவர் முகம் வழக்கம்போல இல்லை. கிட்டத்தட்டச் சிரித்தது.

"வாங்க மாப்ள" என்றார். கல்யாணமாகி மூன்று வருடத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து இன்னாசிராஜ் கேட்பது அதுவே முதல் தடவை. "செட்டு பரவால்ல. நல்லாத்தான் கட்டியிருக்கீங்க. எங்க வூட்டாண்ட பத்து நிமிசம் பாடுச்சு, தெருவே வந்து நின்னுடுச்சு. எங்க ஆபீசு பசங்க ரெண்டு பேரு அந்தப் பக்கமா வந்தானுங்க. எம் மருமவன் கட்டுனதுடான்னு சொன்னேன்."

இந்த வார்த்தைக்காகத்தான் இத்தனையும். இன்னாசிராஜுக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை.

"பாட்டு ஏன் நிறுத்திட்டீங்க?" என்றான்.

காளியப்பன் தண்ணீர் டப்பாவோடு வந்தான். "அத ஏன் கேக்கறீங்க. ஒங்க பாப்பாவுக்குப் பாட்டே ஆவாதுங்க. சுவிச்சுல கைய வெச்சாப் போதும், வீல்னு கத்துது. பெரியவரு போடு போடுங்கறாரு. நானும் மூணு தபா போட்டுப் பாத்தேன். மூணு தபாவும் ஒரே கத்து. அப்பறம் வுட்டுட்டேன்."

"கொழாய்க்காரன் வூட்ல பொறந்துட்டுப் பாட்டுன்னா அழுவுது" என்றாள் ராஜமேரி. "சரியான அழுமூஞ்சி. வளந்தா என்ன பாடு படுத்துமோ."

"ஆமாம்மா, அடம் புடிச்ச கொழந்த" என்று அருள்நாதனும் சேர்ந்துகொண்டார்.

இன்னாசிராஜ் வேலமரத்துக்குப் போனான். புஷ்பமேரி மற்றவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஐந்து மாதத்தில் முகம் கொஞ்சம் பூசினாற்போல இருந்தது. பிள்ளை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"எத்தன ஓம்?" என்றாள் அவள், மெதுவாக.

"ஒண்ணு."

"எங்க வூட்டாண்ட பாடிட்டிருக்கும்போதே எனக்கு வார்னிசு கருகுற வாட வந்துடுச்சு. நம்ம வூட்ல எத்தன டிரான்ஸ்பார்மரு எரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியாதா. பாப்பா பயப்படுது, நிறுத்துங்கன்னு சொன்னேன். நிறுத்துனாங்க. ஆனா அப்பா வுடல. வழியெல்லாம் போடுப்பா போடுப்பான்னு. அவுருக்கு அவ்ளோ பெருமை. ஒங்கள ஒரு வார்த்த நல்லதா சொல்லி நான் இன்னிக்குத்தான் கேக்கறேன். அதுல போய் எப்பிடிச் சொல்றது?"

"அதனால?"

அவள் பிள்ளையின் பாவாடையை மெல்ல விலக்கினாள். தொடையில் மூன்று இடத்தில் சிவப்பாகக் கன்றியிருந்தது. ஒன்றில் நகம் பட்ட அடையாளம்கூடத் தெரிந்தது.

"டிரைவரு சுவிச்சப் போடும்போதெல்லாம் கிள்ளிட்டேன்" என்றாள். அதுவரை அடக்கிவைத்திருந்தது அத்தனையும் அவள் கண்ணில் வந்து நின்றது. "வேற வழி தெரியலீங்க. அழுதாத்தான் நிறுத்துவாங்க."

இன்னாசிராஜ் அந்தத் தொடையைப் பார்த்துக்கொண்டு நின்றான். உயிர் திரும்பி வந்ததும், மானம் போனதும், இரண்டும் ஒரே நேரத்தில் நடந்த மாதிரி இருந்தது அவனுக்கு. பேசாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. ஒயர் லூசு என்ற கதையே போதும். மாப்ள என்ற வார்த்தையும் கையைவிட்டுப் போகாது. பழி மட்டும் பிள்ளைமேல் இருக்கும். பேசத் தெரியாத பிள்ளைதானே, மறுத்துச் சொல்லப் போவதில்லை.

அவன் திரும்பிக் காருக்கு வந்தான்.

"பாப்பா மேல தப்பில்லீங்க மாமா" என்றான். "செட்டத் தப்பாக் கட்டுனது நான்தான். நாலு ஸ்பீக்கரையும் ஒரே லைன்ல போட்டுட்டேன். பூஸ்டரு தாங்காது. பீஸு ரெண்டு தபா போச்சு, அதுக்கு வெள்ளித்தாளு சுத்தி வெச்சேன். இதே மாதிரி ஒண்ணு மத்தியானம் கடையில எரிஞ்சுபோச்சு. ஒங்க பொண்ணுதான் வாட புடிச்சு, பாப்பாவக் கிள்ளி வுட்டு, பாட்ட நிறுத்தியிருக்குது. இல்லன்னா இந்நேரம் வண்டி இருந்திருக்காது." மெத்தையைத் திருப்பிக் காட்டினான்.

ராஜமேரி வாயில் கையை வைத்துக்கொண்டாள். காளியப்பன் பெட்ரோல் டாங்க் இருக்கும் பக்கத்தை ஒரு தடவை பார்த்தான், மெத்தையை ஒரு தடவை பார்த்தான், தண்ணீர் டப்பாவைக் கீழே வைத்தான். அருள்நாதனின் முகத்திலிருந்த சிரிப்பு இறங்கிற்று.

"பீஸுக்கு வெள்ளித்தாளு சுத்துனியா?" என்றார். மாப்ளயும் போயிற்று, ங்க-வும் போயிற்று.

"ஆமாங்க மாமா."

"நெருப்பு புடிக்கறதுக்கு முன்ன அது செத்துப்போவணும்னுதான்டா அத வெக்கறது. அது தெரியாதவனுக்கா பொண்ணக் குடுத்தேன்?"

அவர் விடுவிடுவென்று வேலமரத்துக்குப் போனார். பிள்ளையை வாங்கி, தொடையைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா வண்டிய நிறுத்தியிருப்பேனே. பச்சப் புள்ளயப் போயிக் கிள்ளுவாங்களா?"

"சொன்னா நிறுத்தியிருக்க மாட்டீங்கப்பா" என்றாள் புஷ்பமேரி. "ஓமலூருக்கே திருப்பியிருப்பீங்க. அஞ்சு மாசம் கழிச்சு இன்னிக்குத்தான் அனுப்புனீங்க. மறுபடி எப்ப அனுப்புவீங்களோன்னு பயமா இருந்துச்சு. எனக்கு எங்க வூட்டுக்குப் போவணும்."

அருள்நாதன் பிள்ளையை மகளிடம் கொடுத்துவிட்டு டிக்கிக்கு வந்தார். மெத்தையையும் துணி மூட்டையையும் தானே வெளியே எடுத்து ரோட்டோரத்தில் வைத்தார். செருகியிருந்த வெள்ளித்தாள் ஃபியூஸைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தார்.

"எப்பிடிக் கட்டியிருக்கணும்?" என்றார்.

"ஊஃபரு ரெண்டையும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணாக் கோக்கணும்ங்க. எட்டு ஓம் ஆவும். கதவு ஸ்பீக்கரு ரெண்டும் அதே மாதிரி இன்னொரு எட்டு. ரெண்டு எட்டையும் பக்கம் பக்கமாப் போட்டா நாலு."

அவர் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். முப்பது வருடக் கரண்டுக்காரர். "சரிதான்" என்றார். "கட்டு. நான் கம்பியப் புடிச்சுக்கறேன்."

அரைமணி நேரம் இரண்டு பேரும் டிக்கிக்குள் தலையைவிட்டுக்கொண்டு நின்றார்கள். அவர் உரித்துக் கொடுத்தார், அவன் முறுக்கினான். எல்லாம் முடிந்ததும், முன்னால் நின்ற ஒரு லாரி டிரைவரிடம் காளியப்பன் நிஜ ஃபியூஸ் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தான். அதற்குள் முட்டைக்கோஸ் லாரியை ஓரமாக இழுத்துவிட்டார்கள். வரிசை மெல்ல நகர ஆரம்பித்தது. மெத்தையை அருள்நாதன் தன் மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தார். டிக்கிக்குள் அதை வைக்க அவர் சம்மதிக்கவில்லை. பின்னால் ராஜமேரி, புஷ்பமேரி, ஓரத்தில் இன்னாசிராஜ். வழக்கப்படி வாசலில் வாங்க வேண்டிய பிள்ளையைப் புஷ்பமேரி அங்கேயே அவன் மடியில் வைத்துவிட்டாள்.

கணவாய் ஏறி, தொப்பூர் தாண்டியதும் அருள்நாதன் முன்னாலிருந்தே கேட்டார். "இப்பப் போடலாமா?"

"போடலாங்க மாமா."

காளியப்பன் வலது பக்கம், இடது பக்கம் பார்த்துவிட்டு, பாம்பைத் தொடுகிறவன் மாதிரி சுவிட்சைத் தொட்டான். பாட்டு வந்தது. நேற்றைய இடி இல்லை. அடிச்சத்தம் நிதானமாக, தெளிவாக வந்தது. பூஸ்டருக்கு மூச்சுமுட்டவில்லை என்பது இன்னாசிராஜின் காதுக்குத் தெரிந்தது. அதே நேரத்தில் அவன் மடியில் பிள்ளை விழித்துக்கொண்டது. பாட்டைக் கேட்டது. அதன் உதடு பிதுங்கிற்று. காலை உள்ளே இழுத்துக்கொண்டு வீலென்று அழ ஆரம்பித்தது.

"நான் தொடவே இல்லீங்க" என்றாள் புஷ்பமேரி, இரண்டு கையையும் தூக்கிக் காட்டி.

யாரும் தொடவில்லை. பாட்டு வந்தால் வலிக்கும் என்று அது இன்று பகலில் கற்றுக்கொண்டிருந்தது. காளியப்பன் சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனான். வேண்டாம், பாடட்டும் என்றான் இன்னாசிராஜ். அந்தச் சின்னத் தொடையின்மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டான். சுட்ட கை அது, எரிந்தது. எடுக்கவில்லை. பாட்டு ஓடியது. வலி வரும் வரும் என்று பிள்ளை அழுதுகொண்டே காத்திருந்தது. வரவில்லை. அடுத்த பாட்டும் ஆரம்பித்தது. அப்போதும் வரவில்லை. தர்மபுரி நெருங்குகிற நேரத்தில் அது அழுகையை விட்டுவிட்டு, சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தது.